பிரசவத்துக்குப் பின் இடுப்புத் தளத் தசைப் பயிற்சி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இருமினால் இரண்டு சொட்டு, தும்மினால் நாலு சொட்டு, குழந்தையைத் தூக்கிக்கொண்டு எழுந்தால் உள்ளாடையே நனைந்துவிடுகிறது. பிரசவமான பெண்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு இப்படிச் சிறுநீர் கசிகிறது. வாய்விட்டுச் சொல்பவர்கள்தான் குறைவு. சொன்னாலும் "கீகல் பயிற்சி செய்யுங்கள்" (இடுப்புத் தளத் தசைப் பயிற்சியின் இன்னொரு பெயர்) என்பதோடு பேச்சு முடிந்துவிடும். எதை இறுக்குவது, எவ்வளவு நேரம் பிடிப்பது, விட்டது எப்படித் தெரியும் என்பதெல்லாம் விட்டுப்போகும். அந்த விவரங்கள்தான் கீழே.

இடுப்புத் தளம் என்பது எந்த இடம்?

கேட்டால் பலரும் இடுப்பின் பக்கவாட்டையோ முதுகின் அடியையோ தொட்டுக் காட்டுவார்கள். அது அல்ல. கடினமான நாற்காலியில் நிமிர்ந்து உட்காருங்கள். புட்டத்துக்கு அடியில் இரண்டு எலும்புகள் முட்டும். முன்னால், அடிவயிறு முடியும் இடத்தில் கைக்கு ஓர் எலும்பு தட்டுப்படும். பின்னால் வால் எலும்பு. இந்த நான்கு முனைகளுக்கும் நடுவே, தூளித் துணியைப் போல விரிந்து கிடக்கும் தசைக் கூட்டம்தான் இடுப்புத் தளம். ஆங்கிலப் பெயரான பெல்விக் ஃப்ளோர் என்பதையும் மருத்துவமனைகளில் கேட்டிருப்பீர்கள்.

சிறுநீர்த்துளை, யோனி, ஆசனவாய் மூன்றும் இந்தத் துணியின் வழியாகத்தான் வெளியே வருகின்றன. மேலே சிறுநீர்ப்பை, கருப்பை, மலக்குடல் உட்கார்ந்திருக்கின்றன. அதனால் இந்தத் தசைக்கு இரண்டு வேலை: மேலிருப்பதைத் தாங்குவது, வேண்டாத நேரத்தில் துளைகளை மூடி வைப்பது. மூன்றாவது வேலை ஒன்றும் உண்டு, அதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. சிறுநீர் கழிக்க, மலம் கழிக்க, உடலுறவுக்கு, பிரசவத்துக்கு முழுதாகத் தளர்ந்து வழி விடுவது. இந்த மூன்றாவதை மறந்துவிட்டுப் பயிற்சி செய்வதால் வரும் சிக்கல்கள் ஏராளம்.

பிரசவத்தில் அதற்கு என்ன ஆகிறது?

குழந்தையின் தலை வெளிவரும் நேரத்தில் இந்தத் தசையின் நடுப்பகுதி தன் இயல்பான நீளத்தைப் போல மூன்று மடங்குக்கும் மேல் இழுபடுவதாகக் கணினி மாதிரிகள் காட்டுகின்றன. கையிலோ காலிலோ உள்ள தசையை அப்படி இழுத்தால் கிழிந்துவிடும். கர்ப்ப கால மாற்றங்கள் இதை முன்கூட்டியே இளக்கி வைப்பதால்தான் பெரும்பாலானவர்களுக்குத் தாங்குகிறது. சிலருக்கு எலும்போடு ஒட்டியிருக்கும் இடத்திலிருந்து தசை பிய்ந்துவிடுவதும் உண்டு. ஆயுதம் போட்டு எடுத்த பிரசவத்தில், குறிப்பாக ஃபோர்செப்ஸ் என்ற இடுக்கியில், அந்த வாய்ப்பு கூடுதல்.

தசையோடு சேர்ந்து அதற்குப் போகும் நரம்பும் இழுபடுகிறது. முதல் சில வாரங்களில் "இறுக்கச் சொல்கிறார்கள், அங்கே ஒன்றுமே இருப்பதாகத் தெரியவில்லை" என்று பல பெண்கள் சொல்வதற்கு நரம்பின் இந்த மந்தம்தான் பெரும்பாலும் காரணம். பல மாதங்களில் மெல்ல மெல்லச் சரியாகும்.

எனக்கு சிசேரியன். நானும் செய்ய வேண்டுமா?

வேண்டும். சிசேரியனில் தசை அந்த அளவுக்கு இழுபடாது என்பதால் கசிவுக்கும் அடியிறக்கத்துக்கும் (கருப்பையோ யோனிச் சுவரோ கீழே இறங்குவது) வாய்ப்பு குறைவு. ஆனால் இல்லாமல் போவதில்லை. பல மாதம் குழந்தையையும் பனிக்குட நீரையும் சுமந்த எடை இந்தத் தசைமேல்தான் இருந்தது. வலி எடுத்துப் பல மணி நேரம் முக்கிய பிறகு சிசேரியன் ஆனவர்களுக்கு இது இன்னும் பொருந்தும். கூடவே, வயிற்றுத் தையல் வலிக்கப் பயந்து அடிவயிற்றையே அசைக்காமல் வைத்திருப்பார்கள். இடுப்புத் தளமும் அடிவயிற்றின் ஆழமான தசையும் சேர்ந்தே வேலை செய்பவை என்பதால், ஒன்று முடங்கினால் மற்றதும் மந்தமாகும்.

எப்போது தொடங்கலாம்?

சிறுநீர்க் குழாய் போட்டிருந்தால் அதை எடுத்து, நீங்களாகச் சிறுநீர் கழித்த பிறகு. குழாய் உள்ளே இருக்கும்போது செய்ய வேண்டாம். சுகப்பிரசவமாக இருந்து வலி அனுமதித்தால் மறுநாளே தொடங்கலாம். தையல் இருந்தாலும் மெதுவான இறுக்கமும் தளர்த்தலும் நல்லதே. அந்த இடத்தில் ரத்த ஓட்டம் கூடி வீக்கம் வடிய உதவும். தையல் பிரிந்துவிடுமோ என்ற பயம் பலருக்கு உண்டு. மெல்லிய இறுக்கம் தையலை இழுப்பதில்லை. சுருக்கென்று வலித்தால் மட்டும் நிறுத்திவிட்டு இரண்டு நாள் கழித்து மறுபடி முயன்று பாருங்கள்.

இந்த முதல் நாட்களில் எண்ணிக்கை பார்க்க வேண்டாம். நாலைந்து முறை மெல்ல இறுக்கி விட்டால் அன்றைக்கு அது போதும்.

முதல் நாட்களுக்கே உரிய எச்சரிக்கை ஒன்று: பிரசவத்துக்குப் பிறகோ குழாயை எடுத்த பிறகோ 6 மணி நேரத்துக்குள் சிறுநீர் கழிக்க வேண்டும். முடியாவிட்டால் மருத்துவரிடமோ செவிலியரிடமோ உடனே சொல்லிவிடுங்கள். சிறுநீர்ப்பை நிரம்பியது தெரியாமல் போவது இந்த நேரத்தில் சகஜம். உணர்வு திரும்பும்வரை, வந்தாலும் வராவிட்டாலும் 3 மணி நேரத்துக்கு ஒரு முறை போய் உட்காருங்கள். அளவுக்கு மீறி ஊதிய சிறுநீர்ப்பை பழைய நிலைக்குத் திரும்ப வெகுநாள் ஆகும்.

சரியாகச் செய்வது எப்படி?

மல்லாந்து படுத்து, முழங்காலை மடக்கி, பாதங்களை ஊன்றிக்கொள்ளுங்கள். ஒருக்களித்துப் படுத்து முழங்கால்களுக்கு நடுவே தலையணை வைத்துக்கொண்டாலும் சரி. படுத்திருக்கும்போது உறுப்புகளின் எடை தசையை அழுத்தாது என்பதால் கற்றுக்கொள்ள இதுவே சுலபமான நிலை.

முதலில் மூச்சை மட்டும் கவனியுங்கள். ஒரு கையை வயிற்றின்மேல் வையுங்கள். மூச்சை இழுக்கும்போது வயிறு மேலெழும். அதே நேரம் கீழே, காலிடுக்கில், ஏதோ மெல்ல விரிந்து இறங்குவது போல இருக்கும். மூச்சை விட அது தானாக மேலே ஏறும். நாலைந்து மூச்சு இதையே பார்த்துக்கொண்டிருங்கள். இந்த ஏற்ற இறக்கம் பிடிபட்டுவிட்டால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று.

அடுத்து, மூச்சு வெளியேறத் தொடங்கும்போது, நாலு பேர் இருக்கும் அறையில் வாயு பிரியாமல் அடக்குவது போல ஆசனவாயை உள்ளே இழுங்கள். அந்த இழுப்பை விடாமல் முன்பக்கம் கொண்டு வாருங்கள், சிறுநீரை அடக்குவது போல. இரண்டும் சேர்ந்ததும் மொத்தத்தையும் உள்ளுக்குள் மேலே தூக்குங்கள். மூடுவது பாதி வேலைதான், தூக்குவது மறுபாதி. 3 நொடி பிடியுங்கள். அந்த 3 நொடியும் மூச்சு போய்வந்துகொண்டிருக்க வேண்டும். மனசுக்குள் எண்ணாமல் வாய்விட்டு "ஒன்று, இரண்டு, மூன்று" என்று சொன்னால் மூச்சை அடக்கவே முடியாது.

இப்போது விடுங்கள். தூக்கியது இறங்கிப் பழைய இடத்தில் வந்து உட்காருவது தெளிவாகத் தெரிய வேண்டும். விடும்போது இறங்குவதற்கு ஒன்றுமே இல்லை என்றால், நீங்கள் விடுவதற்கு முன்பே தசை களைத்து நழுவிவிட்டது என்று பொருள். பிடித்திருப்பதாக நினைத்துக்கொண்டு வெறுமனே எண்ணியிருக்கிறீர்கள். நொடியைக் குறைத்துக்கொள்ளுங்கள். 2 நொடிதான் தாங்குகிறதா, 2 நொடியிலிருந்தே தொடங்கலாம்.

முழு பலத்தையும் ஆரம்பத்திலேயே போட வேண்டாம். பலமாக இறுக்கப் போனால் புட்டமும் உள்தொடையும் உதவிக்கு ஓடி வந்துவிடும். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு நீங்கள் ஏதோ செய்வதே தெரியக் கூடாது. புட்டம் சுருங்குகிறது, முழங்கால்கள் நெருங்குகின்றன, தோள் ஏறுகிறது, தாடை இறுகுகிறது என்றால் வேலை வேறெங்கோ நடக்கிறது. தொப்புளுக்குக் கீழே அடிவயிறு லேசாக உள்வாங்குவது மட்டும் இயல்பு. மேல்வயிறு கல்லாக இறுகினால் அல்லது வெளியே தள்ளினால் தவறு.

நான் செய்வது சரிதானா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

இதைக் கேட்காமலே மாதக்கணக்கில் செய்கிறவர்கள்தான் அதிகம். 1991-ல் வெளியான ஓர் ஆய்வில், வாயால் சொல்லிக் கொடுத்ததை மட்டும் கேட்டுச் செய்த 47 பெண்களில் பாதிப் பேர்தான் சரியாக இறுக்கினார்கள். கால்வாசிப் பேர் செய்தது கசிவை இன்னும் கூட்டக்கூடிய முறை. மேலே தூக்குவதற்குப் பதிலாக, மலம் கழிக்க முக்குவது போலக் கீழே தள்ளுவதுதான் அடிக்கடி நடக்கும் பிழை. தள்ளுகிறவருக்குத் தாம் தள்ளுவது தெரியாது. கஷ்டப்பட்டு ஏதோ செய்கிறோம் என்ற உணர்வு இரண்டிலும் ஒன்றே.

1948-ல் இந்தப் பயிற்சியைப் பற்றி எழுதிய அமெரிக்க மகளிர் நோய் மருத்துவர் ஆர்னால்டு கீகல், வெறும் வாய்மொழியாகச் சொல்லி அனுப்பவில்லை. யோனிக்குள் வைத்து அழுத்தத்தைக் காட்டும் கருவி ஒன்றை வடிவமைத்து, இறுக்கும்போது முள் ஏறுகிறதா என்று பெண்களையே பார்க்க வைத்தார். அவர் பெயர் ஊரெங்கும் பரவியது. சரிபார்ப்பது மட்டும் வழியில் எங்கோ தொலைந்துவிட்டது.

வீட்டில் மூன்று விதமாகச் சரிபார்க்கலாம். எளியது கண்ணாடி. தலையணையில் சாய்ந்து, கால்களை விரித்து, கைக்கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு யோனிக்கும் ஆசனவாய்க்கும் நடுவே உள்ள பகுதியைப் பாருங்கள். இறுக்கும்போது அது உள்ளே போக வேண்டும், ஆசனவாய் சுருங்க வேண்டும். வெளியே புடைத்துக்கொண்டு வந்தால் தள்ளுகிறீர்கள். அப்படியே ஒரு முறை இருமிப் பாருங்கள். அந்தப் பகுதி எவ்வளவு இறங்குகிறது என்று மனசில் வைத்துக்கொண்டு, அடுத்த முறை முன்கூட்டியே இறுக்கிக்கொண்டு இருமுங்கள். இறக்கம் குறைந்திருந்தால் தசை வேலை செய்கிறது.

கண்ணாடி பார்க்கக் கூச்சமாக இருந்தால், உள்ளாடைக்கு மேலாகவே அந்த இடத்தில் விரல்களை வைத்துக்கொள்ளுங்கள். இறுக்கும்போது விரலை விட்டு விலகி மேலே போக வேண்டும்.

மூன்றாவது வழி, சுத்தமாகக் கழுவிய விரலை யோனிக்குள் இரண்டு கணு ஆழத்துக்கு வைத்துப் பார்ப்பது. உதிரப்போக்கு நின்று, தையல் ஆறிய பிறகே இது. சுமார் 6 வாரம் ஆகட்டும். விரலைச் சுற்றிப் பிடித்து உள்ளே இழுப்பது போல இருந்தால் சரி. விரல் வெளியே தள்ளப்பட்டால் தவறு. பிசியோதெரபிஸ்டுகளும் இப்படித்தான் பரிசோதித்து, அசைவே இல்லை என்றால் 0, எதிர்ப்பை மீறி வலுவாகத் தூக்கினால் 5 என்று மதிப்பெண் போடுகிறார்கள்.

சிறுநீர் போகும்போது நடுவில் நிறுத்திப் பார்க்கலாமா?

பயிற்சியாகச் செய்யக் கூடாது. சிறுநீர்ப்பை சுருங்கும்போது இடுப்புத் தளம் தளர வேண்டும் என்பது உடம்பின் ஏற்பாடு. அதைத் திரும்பத் திரும்பக் குழப்பினால் சிறுநீர் முழுதாக வெளியேறாமல் தங்கும், கிருமித் தொற்றுக்கு வழியாகும். எந்தத் தசை என்று அடையாளம் தெரிய எப்போதாவது ஒரு முறை செய்துவிட்டீர்கள் என்றால் பயப்பட வேண்டியதில்லை. கண்ணாடி இதைவிட நன்றாகவே காட்டும்.

ஒரு நாளைக்கு எத்தனை?

பரவலாகப் பரிந்துரைக்கப்படும் குறைந்தபட்ச அளவு, ஒரு வேளைக்கு 8 இறுக்கம், நாளுக்கு 3 வேளை, குறைந்தது 3 மாதம். அதற்குப் போய்ச் சேரும் வழி ஆளுக்கு ஆள் மாறும். ஏறக்குறைய இப்படி வைத்துக்கொள்ளலாம்.

முதல் இரண்டு வாரம் மென்மையாக, படுத்தபடி, நினைவு வரும்போது சில முறை. அதன் பிறகு 3 நொடி பிடித்து 6 நொடி ஓய்வு, இப்படி 8 முறை. முடிந்ததும் வேக இறுக்கம் 8 முதல் 10: ஒரே நொடியில் முழுதாகத் தூக்கி, முழுதாக விட்டு, அடுத்தது. மொத்தமே 2 நிமிடத்துக்குள் முடிந்துவிடும். கடைசி இறுக்கமும் முதல் இறுக்கம் போலவே திடமாக இருக்கும் நாள் வந்ததும் ஒரு நொடி கூட்டுங்கள். இப்படி ஏறி ஏறி 10 நொடி பிடித்து 10 நொடி ஓய்வு, 10 முறை என்பதை எட்டுவது இலக்கு. சிலர் 6 வாரத்தில் எட்டுவார்கள், சிலருக்கு 4 மாதம் ஆகும்.

நீண்ட பிடியும் வேக இறுக்கமும் இரண்டும் ஏன்? இந்தத் தசையில் பெரும்பகுதி நாள் முழுக்கத் தாங்கி நிற்கும் மெதுவான இழைகள், மிச்சம் இருமல் தும்மலுக்குச் சட்டென்று பாயும் வேக இழைகள். ஒன்றுக்குக் கொடுத்த பயிற்சி மற்றதற்குப் போய்ச் சேராது.

படுத்தபடி நன்றாக வந்ததும் உட்கார்ந்து, அதன் பிறகு நின்று செய்யுங்கள். நிற்கும்போது 10 நொடி 6 ஆகச் சுருங்கினால் சோர்ந்துபோக வேண்டாம். இப்போதுதான் எடையோடு தூக்குகிறீர்கள். கசிவு பெரும்பாலும் நிற்கும்போதுதான் வருகிறது என்பதால் படுக்கையிலேயே நின்றுவிட்ட பயிற்சி முழுப் பலன் தராது.

ஒரே நாளில் 200, 300 என்று போடுவது வேண்டாம். களைத்த தசை மாலையில் முன்பைவிட அதிகமாகக் கசியவிடும்.

இறுக்கினால் எதுவுமே தெரியவில்லை. என்ன செய்வது?

நிலையை மாற்றிப் பாருங்கள். முட்டி போட்டுக் கைகளை ஊன்றிய நிலையிலோ, சுருட்டிய துண்டை இரண்டு உட்காரும் எலும்புகளுக்கு நடுவே நீளவாக்கில் வைத்து அதன்மேல் உட்கார்ந்தோ செய்தால் உணர்வு பிடிபடும். முன்பக்கம் தெரியாவிட்டால் ஆசனவாயிலிருந்தே தொடங்குங்கள், பலருக்கு அந்த உணர்வுதான் முதலில் திரும்புகிறது. தெரியாவிட்டாலும் தினமும் முயல்வது வீண் அல்ல. மூளையிலிருந்து போகும் கட்டளையே நரம்புக்குப் பயிற்சிதான். 6 வாரப் பரிசோதனை வரை முயன்றும் அசைவே இல்லையென்றால், மகளிர் நலப் பிசியோதெரபிஸ்ட் ஒருவரிடம் பரிசோதித்துக்கொள்ளுங்கள்.

பயிற்சி செய்கிறேன். ஆனாலும் தும்மினால் கசிகிறது. ஏன்?

வலு வந்திருக்கும், நேரம் வந்திருக்காது. தும்மல் வயிற்றிலிருந்து அழுத்தத்தைக் கீழே அனுப்பும் கணத்துக்கு முன்பே தசை தூக்கியிருக்க வேண்டும். கர்ப்பத்துக்கு முன் இது தானாக நடந்தது. இப்போது கைப்பழக்கமாகக் கற்றுக்கொடுக்க வேண்டும்.

மூக்கு அரிக்கத் தொடங்கியதுமே தூக்குங்கள், தும்மி முடியும்வரை பிடியுங்கள், பிறகு விடுங்கள். இருமல், சிரிப்பு, நாற்காலியிலிருந்து எழுவது எல்லாவற்றுக்கும் இதே வரிசை. கட்டிலில் கிடக்கும் குழந்தையைத் தூக்கும் காட்சியை எடுத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் குனிந்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு, ஒரே எட்டில் தூக்குவோம். பிடித்த மூச்சு முழுவதும் கீழ்நோக்கி அழுத்தும். அதற்குப் பதிலாக, கிட்டே போய், முழங்காலை மடக்கி, குழந்தையை மார்போடு அணைத்துக்கொண்டு, மூச்சை விடத் தொடங்கி, உள்ளே தூக்கி, அப்புறம் எழுந்திருங்கள். ஒரு நாளில் குழந்தையை எத்தனை முறை தூக்குகிறீர்கள் என்று எண்ணிப் பாருங்கள். அத்தனை முறையும் பயிற்சிதான். முதலில் யோசித்துச் செய்ய வேண்டியிருக்கும், சில வாரங்களில் தானாக வந்துவிடும்.

கசிவு தும்மலால் இல்லை. திடீரென்று அவசரமாக வந்து, கழிவறை போவதற்குள் போய்விடுகிறது.

இது வேறு வகை. சிறுநீர்ப்பை நிரம்பும் முன்பே சுருங்குகிறது. அவசரம் எழுந்ததும் ஓடாதீர்கள், ஓட்டம் அதைக் கூட்டும். நின்ற இடத்தில் நின்று அல்லது உட்கார்ந்து 5, 6 வேக இறுக்கம் செய்யுங்கள். இடுப்புத் தளம் இறுகினால் சிறுநீர்ப்பை அமைதியாகும். அலை ஒன்று எழுந்து அடங்குவது போல அவசரமும் அடங்கும். அடங்கிய பிறகு நடந்து போங்கள்.

"எதற்கும் ஒரு தடவை போய்விட்டு வருவோம்" என்ற பழக்கம் இதற்குத் தீனி. பகலில் 6 முதல் 8 முறை இயல்பு. அரை மணிக்கு ஒரு முறை போகிறீர்கள் என்றால் இடைவெளியைப் பத்துப் பத்து நிமிடமாக நீட்டுங்கள். தண்ணீரைக் குறைக்காதீர்கள். கெட்டியான சிறுநீர் பையை எரிச்சலூட்டி அவசரத்தைக் கூட்டும், பால் கொடுக்கும் உடம்புக்குத் தண்ணீர் கூடுதலாகவும் வேண்டும். காபி, தேநீர், கோலா வகைகளைக் குறைத்தால் வித்தியாசம் தெரியும். சிறுநீர் எரிந்தால் முதலில் தொற்று இருக்கிறதா என்று பாருங்கள்.

ஆசனவாய்வரை கிழிந்து தையல் போட்டார்கள். பயிற்சி செய்யலாமா?

கிழிசலை நான்கு நிலைகளாகப் பிரிப்பார்கள். மூன்றும் நான்கும் ஆசனவாயைச் சுற்றிய மூடுதசைவரை போனவை. அவர்களுக்கும் பயிற்சி தேவை, சொல்லப்போனால் அவர்களுக்குத்தான் அதிகம் தேவை. ஆனால் வேகத்தை மருத்துவரோ பிசியோதெரபிஸ்டோ நிர்ணயிக்கட்டும். மலத்தை இளக்கும் மருந்து கொடுத்திருந்தால் இடையில் நிறுத்த வேண்டாம். தையல் ஆறுமுன் ஒரு முறை பலமாக முக்கினால் பல நாள் பயிற்சி வீணாகும். வாயுவை அடக்க முடியவில்லை, மலம் உள்ளாடையில் படுகிறது என்றால் அடுத்த பரிசோதனைவரை காத்திருக்காமல் சொல்லுங்கள்.

கழிவறையில் எதைக் கவனிக்க வேண்டும்?

முக்குவது, கீழே தள்ளும் அந்தத் தவறான பயிற்சியைத் தினமும் செய்வதற்குச் சமம். மேற்கத்தியக் கழிவறையில் உட்காருபவர்கள் பாதங்களுக்கு அடியில் சிறு முக்காலி வைத்து முழங்கால் இடுப்பைவிட உயரமாக வருமாறு செய்துகொள்ளுங்கள். முன்னால் சாய்ந்து, முழங்கையைத் தொடையில் ஊன்றி, வயிற்றைத் தளரவிட்டு, வாயால் மூச்சை நீளமாக விடுங்கள். தையல் இருந்தால் சுத்தமான பஞ்சுப் பட்டையால் அந்த இடத்தை முன்பக்கமாகத் தாங்கிப் பிடித்துக்கொள்ளலாம். உணர்வு வந்தால் தள்ளிப்போடாதீர்கள். சிறுநீரையும் அவசரப்பட்டு முக்கி வெளியேற்ற வேண்டாம், தானாகப் போகட்டும்.

மாலை நேரத்தில் கீழே ஏதோ இறங்குவது போலக் கனமாக இருக்கிறது.

யோனிச் சுவரோ கருப்பையோ கொஞ்சம் இறங்கியிருக்கலாம். டாம்பன் (மாதவிடாயின்போது யோனிக்குள் வைக்கும் பஞ்சு) பாதி வெளியே வந்தது போல, உருண்டை மேல் உட்கார்ந்தது போல என்று சொல்வார்கள். முதல் மாதங்களில் லேசான இறக்கம் சகஜம், பலருக்குத் தானே மேம்படும். லேசான, நடுத்தர இறக்கத்தில் பயிற்சி அறிகுறிகளைக் குறைக்கிறது. பகல் முழுக்க நின்றுவிட்டு மாலையில் நின்றபடி பயிற்சி செய்ய வேண்டாம். இடுப்புக்கு அடியில் தலையணை வைத்துப் படுத்து, கனம் குறைந்த பிறகு செய்யுங்கள். வயிற்றைச் சுற்றி இறுக்கமாகப் போடும் பெல்ட் அழுத்தத்தைக் கீழே திருப்பிவிடும் என்பதால் கனம் கூடினால் தளர்த்துங்கள். தேவைப்பட்டால் பெஸ்ஸரி என்ற சிலிக்கான் வளையத்தை உள்ளே பொருத்துவார்கள். அறுவைச் சிகிச்சைப் பேச்சு அதற்கெல்லாம் பிறகு.

உடலுறவில் வலிக்கிறது. இன்னும் அதிகமாக இறுக்கிப் பயிற்சி செய்ய வேண்டுமா?

வேண்டாம், இறுக்கும் பயிற்சியை நிறுத்திவையுங்கள். வலிக்கப் பயந்து தசை எப்போதும் இறுகியே இருக்கும் பெண்கள் உண்டு. சிறுநீர் தொடங்கவே நேரமாகிறது, மலம் முழுதாகப் போவதில்லை, வால் எலும்பைச் சுற்றி வலி, விரல் வைத்தாலே எரிகிறது என்பவை அதன் அடையாளங்கள். இறுகியே கிடக்கும் தசையும் பலவீனமான தசைதான். மூடிய முஷ்டியால் எதையும் பிடிக்க முடியாதல்லவா? இப்படிப்பட்டவர்களுக்கும் கசியும். கசிகிறதே என்று மேலும் மேலும் இறுக்கி, சிக்கலைக் கூட்டிக்கொள்வார்கள்.

இவர்கள் செய்ய வேண்டியது, மேலே சொன்ன வயிற்று மூச்சு, நாளுக்கு இரண்டு முறை 5 நிமிடம். மல்லாந்து படுத்து முழங்கால்களை மார்பை நோக்கிக் கொண்டுவந்து அகட்டிவைத்தபடியோ, முட்டி போட்டு நெற்றியைத் தரையில் வைத்தபடியோ செய்தால் கீழே விரிவது நன்றாகத் தெரியும். தளர்த்துவது கைவந்த பிறகே இறுக்கம்.

பால் கொடுக்கும் காலத்தில் ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோன் குறைந்து யோனி வறண்டு, தோல் மெலிந்து இருப்பதும் வலிக்குக் காரணம். நீரை அடிப்படையாகக் கொண்ட ஜெல் உதவும்.

எடைக் கூம்புகள், மின்தூண்டல் கருவி, செயலி இவையெல்லாம் தேவையா?

பெரும்பாலானவர்களுக்குத் தேவையில்லை. 600 பெண்கள் பங்கேற்று 2020-ல் வெளியான பிரிட்டன் ஆய்வில், பயிற்சியோடு அழுத்தம் காட்டும் கருவியும் சேர்த்துக்கொண்டவர்களுக்கும் வெறும் பயிற்சி செய்தவர்களுக்கும் 2 ஆண்டு கழித்துக் கசிவில் வித்தியாசம் இல்லை. இரண்டு அணியினருக்கும் நேரில் சொல்லிக் கொடுத்திருந்தார்கள் என்பதைக் கவனியுங்கள். யோனிக்குள் வைத்துத் தசையால் தாங்க வேண்டிய எடைக் கூம்பைத் தொடையை இடுக்கியும் தாங்கிவிடலாம் என்பதால் அது ஏமாற்றும். மெல்லிய மின்சாரத்தால் தசையைச் சுருங்க வைக்கும் மின்தூண்டல், அசைவே இல்லாதவர்களுக்கு மருத்துவ ஆலோசனையோடு. மறுபடி கர்ப்பமாக இருந்தாலோ பேஸ்மேக்கர் இருந்தாலோ கூடாது. நேரத்துக்கு நினைவூட்டும் செயலி நல்லதுதான். பாலூட்டும் நேரத்தோடு பயிற்சியைச் சேர்த்துக்கொண்டால் அதுவும் வேண்டியிருக்காது.

ஓடலாமா, குதிக்கலாமா?

2019-ல் பிரிட்டனைச் சேர்ந்த பிசியோதெரபிஸ்டுகள் வெளியிட்ட வழிகாட்டுதல், 3 மாதத்துக்கு முன் ஓட வேண்டாம் என்கிறது. 3 மாதம் ஆனதே அனுமதி அல்ல. 30 நிமிடம் நடக்கவும், ஒற்றைக் காலில் 10 நொடி நிற்கவும், ஒரு நிமிடம் நின்ற இடத்தில் ஓடவும், ஒவ்வொரு காலிலும் 10 முறை தத்தவும் கசிவோ கனமோ வலியோ இல்லாமல் முடிகிறதா என்று பாருங்கள். நடை முதல் வாரத்திலிருந்தே நல்லது. படுத்து எழும் வயிற்றுப் பயிற்சியை, எழும்போது வயிற்றின் நடுவே கூம்பு போலப் புடைத்தால் தள்ளிவையுங்கள்.

எதற்கெல்லாம் உடனே மருத்துவரிடம் போக வேண்டும்?

சிறுநீர் கழிக்கவே முடியாமை, காலிடுக்கிலும் உள்தொடையிலும் மரத்துப்போதல், ஒரு மணி நேரத்தில் ஒரு பட்டை நனையும் உதிரப்போக்கு, காய்ச்சலோடு யோனியிலிருந்து துர்நாற்றமுள்ள கசிவு இவற்றுக்கு அன்றே. இரவும் பகலும் நிற்காமல் சிறுநீர் ஒழுகினால் அது தசைப் பலவீனம் இல்லை, சிறுநீர் வெளியேற உள்ளே வேறு துளை உண்டாகியிருக்கலாம். பயிற்சியை வைத்து நாளைக் கடத்தாதீர்கள்.

பலன் எப்போது தெரியும்? குழந்தைக்கு 5 வயது ஆகிவிட்டது, இனிமேல் செய்து பயனுண்டா?

ஒழுங்காகச் செய்தால் 6 முதல் 12 வாரத்தில் மாற்றம் தெரியும், முழுப் பலனுக்கு 6 மாதம்வரை ஆகும். தசைக்கு வயதுக் கணக்குத் தெரியாது. 5 வருடம் கழித்தும், மாதவிடாய் நின்ற பிறகும் வலுப்பெறும். 3 மாதம் சரியாகச் செய்தும் மாறவில்லை என்றால், இன்னும் 3 மாதம் அதையே செய்யாமல், செய்முறையை ஒருவரிடம் காட்டுங்கள். சரியான பிறகும் நாளுக்கு ஒரு வேளையாவது தொடருங்கள். விட்டுவிட்டால் கை, கால் தசை போலவே இதுவும் இளைக்கும்.

அடுத்த கர்ப்பத்திலும் செய்யலாமா? தசை வலுத்துவிட்டால் பிரசவம் சிரமமாகுமா?

ஆகாது. கர்ப்பத்தில் கசிவு இல்லாத நாளிலேயே பயிற்சியைத் தொடங்கியவர்களுக்குப் பிரசவத்துக்குப் பின் கசிவு வரும் வாய்ப்பு குறைகிறது. பயிற்சி பிரசவ நேரத்தை நீட்டுவதாகத் தெரியவில்லை. கடைசி வாரங்களில் இறுக்கத்தோடு தளர்த்தலுக்கும் அதே அளவு நேரம் கொடுங்கள்: தாடையைத் தொங்கவிட்டு, மூச்சை இழுத்து, கீழே விரிந்து இறங்குவதை மட்டும் கவனித்தபடி. தலை வெளிவரும்போது தசை செய்ய வேண்டியது அதைத்தான்.